செவ்வாய்க்கிழமை ஒரு நாள் கடையைச் சாத்துங்கள்

திருநள்ளாறு நளன் குளக்கரையிலும் சன்னதித் தெருவிலும் மாட வீதிகளிலும் பிழைப்பு நடத்தும் அண்ணன்மார்க்கும் அக்காமார்க்கும், ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளுக்கும், மேளக்காரர்களுக்கும், குருக்கள்மார்க்கும் இந்த ஊர்க்காரன் ஒருவனின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்களில் நாற்பது வயது தாண்டியவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வர வேண்டும். சனிக்கிழமை போகச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். வெள்ளி சாயங்காலமே பஸ்கள் வந்து இறங்க ஆரம்பித்துவிடும், ஞாயிற்றுக்கிழமை மிச்சக் கூட்டம், திங்கட்கிழமை காரைக்காலில் சரக்கு எடுக்கவே சரியாகப் போய்விடும். செவ்வாய்தான் கொஞ்சம் மூச்சு விடுகிற நாள். செவ்வாய் ஆகாது என்பவர்கள் புதன்கிழமை போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

"நமக்கென்ன, கண்ணு நல்லாத்தானே தெரியுது?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து நல்லதா கள்ளதா என்று சொல்லிவிடுகிறீர்கள். குளத்தங்கரைக் கூட்டத்தில் யார் எண்ணெய் வாங்க வந்தவர், யார் சும்மா விலை கேட்பவர் என்று முகத்தைப் பார்த்தே பிரிக்கிறீர்கள். அப்படியிருந்தும் கேட்கிறேன். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் கிளாக்கோமா என்றும் கண் அழுத்த நோய் என்றும் சொல்கிறார்களே, அது நேர்ப்பார்வையைக் கடைசியில்தான் தொடும். நோட்டு தெரியும், எழுத்து தெரியும், எதிரில் நிற்பவர் முகம் தெரியும். ஓரத்தில் இருப்பது மட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். போவது நமக்குத் தெரியாது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நீர் வடிவது கிடையாது.

நமக்குப் பக்கத்திலேயே இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயது தாண்டிய 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் வீடு வீடாகப் போய் அழைத்துவந்து சோதித்தார்கள். 2003-ல் முடிவு வெளிவந்தது. நூற்றுக்கு 2.6 பேருக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. இந்த எண்ணைக் கேட்டுச் சிலர் "அவ்வளவுதானா" என்பார்கள். அடுத்த எண்ணைக் கேளுங்கள். அந்த நோயின் முக்கிய வகை இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு அது இருப்பதே அன்றுவரை தெரியாது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்விலும் இதே கதைதான். அங்கே தெரியாதிருந்தவர்கள் இன்னும் அதிகம், நூற்றுக்கு 98 பேர். கோயிலைச் சுற்றி நாற்பது தாண்டிய 200 பேர் கடை வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேர் கணக்கில் வருகிறார்கள். அந்த ஐவரில் நான்கு பேராவது "கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

என்னதான் நடக்கிறது உள்ளே? கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. அழும்போது வழிகிற கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழித்திரைக்குப் பின்னால் ஊறி, முன்பக்கம் வந்து, கருவிழியும் வெள்ளைவிழியும் சேருகிற ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற மெல்லிய திசு வழியாக வடிந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, வடிகால் தூர்ந்துவிட்டது என்றால் வயலில் என்ன ஆகும்? பயிர் ஒரே நாளில் சாகாது. வேர் மெதுவாக அழுகும். மேலே பச்சையாகத்தான் இருக்கும். கண்ணில் அந்த வேர், பார்வை நரம்பு. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண் இழைகள் சேர்ந்த கற்றை அது. விழிக்குள் விழும் படத்தையெல்லாம் மூளைக்குக் கொண்டுபோவது அதுதான். தேங்கிய நீரின் அழுத்தத்தில் அந்த இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக நசிகின்றன. நசிந்த இழை மறுபடி முளைக்காது.

சாதாரணமாகக் கண் அழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஆனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. 21-க்குக் கீழே இருந்தும் நரம்பு கெட்டவர்கள் பலர் உண்டு, அதற்கு மேலே இருந்தும் நரம்பு கெடாதவர்கள் உண்டு. அதனால்தான் அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பிவிடுவது போதாது என்கிறேன். நரம்பின் தலைப்பகுதியை ஒருவர் பார்த்தாக வேண்டும். அது விழியின் பின்சுவரில் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது.

இருக்கும் இரண்டு கண்களும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுப்பதால் இந்த நோய் இன்னும் ஒளிந்துகொள்கிறது. ஒரு கண்ணின் ஓரத்தில் விழுந்த ஓட்டையை மறு கண் மூடிவிடும். அதற்கும் மேலே மூளை தன் பங்குக்கு ஒட்டுப் போட்டுவிடும். காணாமல் போன இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரியும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படித் தெரிந்தால் எல்லோரும் ஓடிப்போய்க் காட்டியிருப்பார்களே. பூக்கட்டுகிற ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு நாள் வலது கண்ணில் தூசி விழுந்து கசக்கிக்கொண்டு இடது கண்ணால் பார்த்திருக்கிறார். எதிரில் இருந்த பூக்கூடையில் பாதிதான் இருந்தது. அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. இடது கண் எத்தனை வருஷமாக அப்படி இருந்ததோ, யார் கண்டது.

நம் ஊரில் ஓரப்பார்வை எதற்கு என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள். நடுரோட்டில் ஈர வேட்டியோடு திடீரென்று குறுக்கே வருகிற யாத்திரிகர் நேரெதிரில் வருவதில்லை, ஓரத்திலிருந்துதான் வருகிறார். பக்கவாட்டில் வண்டி உரசுவது, படிக்கட்டில் கடைசிப் படி தவறுவது, அந்தி நேரத்தில் தட்டுத் தடுமாறுவது, பழக்கமான வாசற்கால் தோளில் இடிப்பது இவையெல்லாம் வயசு ஆனதன் லட்சணம் என்று விட்டுவிடுகிறோம். வயசும் காரணமாக இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். விளக்குப் பக்கத்திலும் கற்பூரத்தட்டுப் பக்கத்திலும் நாள் முழுவதும் நிற்பவர்களுக்குக் கண் எரிவதும் சிவப்பதும் புதிதல்ல. நல்லெண்ணெய்ப் புகையால் கண் அழுத்த நோய் வராது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குளத்தில் முழுக்குப் போடுகிறவர்கள் தலையில் வைக்கும் எண்ணெய் கண்ணில் வழிந்தாலும் வராது. ஆனால் அந்தச் சிவப்புக்கு நாம் வாங்கிப் போடுகிற மருந்தால் வரலாம். மருந்துக் கடையில் போய் "கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது சொட்டு மருந்து குடுங்க" என்கிறோம். கொடுக்கிறார்கள். போட்ட ஒரு மணி நேரத்தில் சிவப்பு போய்விடுகிறது. ஆகா, நல்ல மருந்து என்று காலிக் குப்பியை வைத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமைக்கும் அதையே கேட்டு வாங்குகிறோம். பக்கத்துக் கடைக்காரருக்கும் இரண்டு சொட்டு விடுகிறோம்.

அவ்வளவு வேகமாகச் சிவப்பைத் துடைத்துப் போடுகிற மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. குப்பியின் மேலே பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று பொடி எழுத்தில் இருக்கும். மருத்துவர் சொல்லி, அவர் சொன்ன நாளோடு நிறுத்தினால் அருமையான மருந்து அது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் நாமாகப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த வடிகால் சல்லடையை அது அடைத்துவிடுகிறது. சிலர் உடம்பு இதற்குச் சீக்கிரம் வளைந்துகொடுத்து அழுத்தத்தை மடமடவென்று ஏற்றிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. வெயில் காலம் வந்தால் கண் அரிப்பெடுத்துக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முறை எழுதிக் கொடுத்த மருந்தையே வருஷா வருஷம் வாங்கிப் போடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அரிப்பு நின்றுவிடும், பிள்ளை விளையாடப் போய்விடும். வீட்டில் இருக்கிற குப்பிகளை இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள். ஆஸ்துமாவுக்கு, மூட்டு வலிக்கு, தோல் நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரையோ களிம்போ நீண்ட நாளாக எடுக்கிறவர்களும் கண் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

"போன வருஷம்தான் முகாமில் காட்டினேன், ஒண்ணுமில்லேன்னுட்டாங்க" என்று ஒரு பதில் வரும். எந்த முகாம் என்று கேட்பேன். கண்புரை முகாமில் தேடுவது புரையைத்தான். புரை இல்லை, ஆபரேஷன் வேண்டாம் என்பதை நாம் கண்ணில் எந்த நோயும் இல்லை என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதும் அப்படியே. எழுத்து தெரிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேறொரு கணக்குப் போடுகிறார்கள், அதான் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறோமே என்று. ரத்த அழுத்தமும் கண் அழுத்தமும் ஒன்றல்ல. கையில் பட்டை கட்டிப் பார்ப்பதால் கண்ணுக்குள் இருப்பது தெரியாது.

இவ்வளவு நேரம் சொன்னது சத்தமில்லாமல் வருகிற வகை. சத்தம் போட்டுக்கொண்டு வருகிற வகையும் உண்டு. சிலருக்கு, பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாக, அந்த வடிகால் ஓரம் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். திடீரென்று ஒரு நாள் அது அடைத்துக்கொள்ளும். கண்ணில் தாங்க முடியாத வலி, அந்தப் பக்கத்துத் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் மாதிரி வளையம். வாந்தியைப் பார்த்துவிட்டுப் பித்தம் என்றும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் ரசம் வைத்துக் கொடுப்பார்கள். ஒரு கண் சிவந்து வலித்து, கூடவே வாந்தி இருந்தால் அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரி. அதற்கு ராத்திரி பகல், சனிக்கிழமை கிடையாது. முன்கூட்டியே சோதனையில் அந்தக் குறுகலைக் கண்டுபிடித்துவிட்டால் லேசரால் கருவிழித்திரையில் ஊசிமுனை அளவு துளை போட்டு வைத்துவிடுவார்கள். சில நிமிஷ வேலை.

புரை முற்றினால்தான் எடுக்கணும் என்று ஒரு பழைய பேச்சு நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அது ஒரு காலத்து ஆபரேஷனுக்குச் சரியாக இருந்திருக்கலாம். இன்றைக்கு அதைவிடப் பொல்லாத யோசனை கிடையாது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, அது தெரிகிறது, மற்றதை மகள் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும், சனிப்பெயர்ச்சி முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற அக்காமார்களைத்தான் நினைத்து எழுதுகிறேன். முற்றிய புரை உப்பி வடிகாலை அடைக்கும். இல்லாவிட்டால் கசிந்து அடைக்கும். அந்த வலியோடு வந்து சேரும்போது புரையை எடுத்தாலும் நரம்பு மிச்சமிருக்குமா என்பது சந்தேகம்.

மேளக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஓபோ, டிரம்பெட் போல மூச்சை இறுக்கிப் பிடித்து ஊத வேண்டிய கருவிகளை வாசிக்கும்போது கண் அழுத்தம் ஏறுவதை வெளிநாட்டில் அளந்து எழுதியிருக்கிறார்கள். நிறுத்தினால் இறங்கிவிடுகிறது. ஓபோவும் நாதஸ்வரம் போல இரட்டைச் சீவாளிக் கருவிதான். வாசிப்பதை விடுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ஆனால் உங்கள் குடும்பத்தில் நோய் இருந்தால், என்ன வாசிக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதேபோல் காலையில் சிரசாசனம் போடுகிறவர்கள். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காவதைச் சென்னையிலேயே அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். நோய் உள்ளவர்கள் மற்ற ஆசனங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யார் யார் முதலில் போக வேண்டும் என்று கேட்டால், குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருப்பவர்கள் என்பேன். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல். இங்கே நம் காரைக்கால் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கிறார். பாரீசில் இருக்கும் அண்ணன் வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டி, 'கிளோக்கோம்' என்று கேட்டு வந்து, ராத்திரி ஒரு சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருப்பார். இங்கே தம்பிக்கு அது தெரியாது. அடுத்த வாட்ஸ்அப் பேச்சில் கேட்டுவிடுங்கள். பணம் அனுப்பினாயா என்று கேட்பதைவிட இது கேட்கச் சுலபம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், கண்ணில் பலமாக அடிபட்டவர்கள், தூரப்பார்வைக்குக் கனத்த மைனஸ் கண்ணாடி போடுகிறவர்கள் இவர்களும் முன்வரிசையில் போகலாம்.

கைக்குழந்தைகளுக்கும் வருகிறது. நாற்பது வயதுக் கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. குழந்தைக்குக் கண் பெரிசு, என்ன அழகு என்று திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம். பெரிய கண்ணோடு சேர்ந்து எப்போதும் நீர் வடிகிறதா, வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, கருவிழி புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிஞ்சு விழியின் சுவர் இளகியது, உள்ளே அழுத்தம் ஏறினால் விழியே பெருத்துவிடும். அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள்ளேயே திருமணம் செய்கிற குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மருந்தைவிட ஆபரேஷன்தான் வழி, அதுவும் வாரக்கணக்கில் தாமதிக்காமல்.

சோதனை பற்றிய பயத்தைப் போக்கிவிடுகிறேன். முதலில் எழுத்துப் பலகை. பிறகு கண்ணை மரக்கச் செய்யும் ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சம் உள்ள ஒரு சிறு முனையைக் கருவிழி மேல் மெல்லத் தொட்டு அழுத்தம் பார்ப்பார்கள். வலிக்காது. சில இடங்களில் காற்றை ஊதிப் பார்ப்பார்கள், திடுக்கிடுவீர்கள், அவ்வளவுதான். வடிகால் ஓரத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி வில்லையை விழி மேல் வைப்பார்கள். கண் பாப்பாவை விரிய வைக்கும் மருந்து விட்டு நரம்பைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, அங்கங்கே மின்னுகிற புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். உங்கள் ஓரப்பார்வையின் வரைபடம் அதில் வந்துவிடும். நரம்பு இழைகளின் தடிமனை ஸ்கேன் எடுத்தும் பார்ப்பதுண்டு. பாப்பா விரியும் மருந்து விட்ட பிறகு நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எதுவும் தெளியாது, வெயில் கூசும். செவ்வாய்க்கிழமை முழுவதையும் ஒதுக்கச் சொல்வது இதனால்தான். ஆட்டோக்காரர்கள் தங்கள் ஆட்டோவைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, வேறொருவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். நல்ல அனுபவமாக இருக்கும்.

காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேலே பார்க்க வேண்டும் என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கு, கடலூர் தாண்டியதும் தவளக்குப்பத்தில் சாலையோரமே அரவிந்த் இருக்கிறது, 2003-ல் வந்தது. எங்கே போனாலும் "கண் அழுத்தமும் நரம்பும் பார்க்கணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கண் மங்கல் என்று மட்டும் சொன்னால் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு.

நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? உயிர் போய்விட்டது போல உட்கார்ந்துவிட வேண்டாம். இந்த நோயை எதிர்த்த வைத்தியத்தில் நம் பக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே தலைமை மருத்துவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேயர் 1909-ல், வெள்ளைவிழி ஓரத்தில் வட்டமாகச் சிறு துளை எடுத்து, தேங்கும் நீருக்குப் புது வடிகால் வெட்டுகிற ஆபரேஷனைச் செய்யத் தொடங்கினார். சென்னையில் படுத்துக்கிடந்த நோயாளிகளிடமிருந்து கற்ற அந்த முறை லண்டன், அமெரிக்கா என்று பரவி, அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்கச் செய்யப்பட்டது. 1968-ல் இங்கிலாந்தில் கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர் சொன்ன இன்னும் பக்குவமான முறையைத்தான் இன்று பெரும்பாலும் செய்கிறார்கள். அடிப்படை யோசனை அதேதான், புது வடிகால். அதற்கும் மசியாத கண்களுக்குச் சின்னக் குழாய் பதிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் குழாய்களின் விலை ஏழைக்கு எட்டாது என்பதால் மதுரை ஆரோலேப் நிறுவனம் மிகக் குறைந்த விலையில் அதைச் செய்து கொடுக்கிறது.

இன்னும் பழைய கதை வேண்டுமென்றால் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் காலத்துக்குப் போகலாம். 1832-ல் மறைந்த அவர் கண் வைத்தியத்தில் ஆசை கொண்டவர். நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்து வைத்தியக் குறிப்போடு சேர்த்த ஏடுகள் சரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. காவிரித் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கண்ணைப் பற்றிய அக்கறை புதிதல்ல என்று சொல்லவந்தேன். மன்னருக்கே கண்ணைப் பார்க்க நேரம் இருந்திருக்கிறது, எண்ணெய்க் கடைக்காரருக்கு இல்லையா?

ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படாது. பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கத்தில் சொட்டு மருந்து, இல்லாவிட்டால் லேசர். சங்கடம் என்னவென்றால், சொட்டு மருந்து போட்டால் எதுவும் தெளிவாகாது. நேற்று தெரிந்தது போலவே இன்றும் தெரியும். இரண்டு மாதம் போட்டுவிட்டு "ஒரு பிரயோசனமும் இல்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த மருந்தின் பிரயோசனமே இருக்கிற பார்வை அப்படியே இருப்பதுதான். போட்டதால் நிற்கிறது, நிறுத்தினால் போகும். ஆயுள் முழுக்கப் போட வேண்டியது. கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. கண் அதற்கு மேல் கொள்ளாது, மீதி கன்னத்தில்தான் வழியும். கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள், மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிஷம் விடுங்கள். திறந்து ஒரு மாதம் ஆன குப்பியைத் தூக்கிப் போடுங்கள். வீசிங் உள்ளவர்களும் நாடித் துடிப்பு குறைவாக உள்ளவர்களும் டிமோலால் எழுதப்பட்டிருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். விலை அதிகம் என்றால் நிறுத்தாதீர்கள், விலை குறைந்ததாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள். சனிக்கிழமை நெரிசலில் மருந்து நேரம் மறந்துபோகும், ராத்திரி ஒரு வேளை போடுகிற மருந்தாகக் கேட்டுப் பார்க்கலாம், அப்படிப்பட்டவை இருக்கின்றன.

இது கிரகக் கோளாறு என்று நினைப்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஊரே அந்த நம்பிக்கையில்தான் சாப்பிடுகிறது, நானும் சேர்த்துத்தான். ஏழரை வருஷம் முடிந்தால் சனி விலகிவிடும் என்று நம்புகிறோம், பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அதை நம்பித்தான் வருகிறார்கள். ஆனால் ஏழரை வருஷம் கவனிக்காமல் விட்ட கண் அழுத்தம் விலகாது, வந்த வேலையை முடித்திருக்கும். சுந்தரர் திருவொற்றியூரில் இரண்டு கண்ணையும் இழந்து, காஞ்சியில் ஒன்றும் திருவாரூரில் மற்றதும் பெற்றதாகப் புராணம். இங்கிருந்து திருவாரூர் எவ்வளவு தூரம்? அருள் அவருக்குக் கிடைத்தது. செத்த நரம்பை உயிர்ப்பிக்கிற மருந்து இன்றுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. இருக்கிறது என்று சொல்லி மூலிகைச் சொட்டு விற்க யாராவது வந்தால், எந்தச் சாமி படத்தை ஒட்டியிருந்தாலும், கடைப்பக்கம் அண்ட விடாதீர்கள்.

ஏற்கெனவே பார்வை சுருங்கிவிட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நேரே பார்த்தால் எழுத்து வாசிக்கிறார், இவருக்கா கண் தெரியாது என்று ஊர் பேசும். அவர்களுக்காக ஒன்று: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஓரப்பார்வையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே சுருங்கியிருந்தால் குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போயிருந்தால் பார்வையிழப்பு. நடுவில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சரி. அந்தக் கிண்ணச் சோதனையின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

போகும்போது பழைய கண்ணாடி, வீட்டில் இருக்கிற எல்லாச் சொட்டு மருந்துக் குப்பி, சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். எண்ணெய்க் கடையும் பூக்கடையும் ஒரே வாரம் மூட வேண்டியதில்லை, இந்த வாரம் நீங்கள் போனால் உங்கள் கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த வாரம் நீங்கள் அவர் கடையை. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டு, கடைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் எண்ணெயும் எள்ளும் கடனுக்கு வாங்குகிற ஊர்க்காரன்